சோறும் துணியும் போதுமா?

நம் நாட்டு ஜனங்களுக்கு, உடற்குறையோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளிடம் இரக்கமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரக்கம் ஏராளமாய் இருக்கின்றது. பிறந்த நாளென்று ஒருவர் இல்லத்துக்கு வந்து சாதம் போடுகிறார். தகப்பனார் திவசமென்று இன்னொருவர் வடை பாயசத்தோடு போடுகிறார். தீபாவளிக்கு வேட்டி துண்டு வருகின்றது. போட்டோப் பிடித்தாகிறது. புண்ணியம் தம் கணக்கில் ஏறிவிட்டதென்று நம்பி அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் இந்தப் பையனுக்கு 18 வயது முடிந்த மறுநாள் காலையில் இவன் எங்கே போவான், என்ன தொழில் செய்வான், யாரோடு வாழ்வான் என்று கேட்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராவது உண்டா என்று கேட்கின்றோம்.

இது இன்று நேற்று வந்த புத்தியல்ல. மனுதர்மத்தின் 9-வது அத்தியாயத்தில், பிறவிக் குருடன், செவிடன், ஊமை, பித்தன், மூடன், அங்கக் குறையுள்ளவன் ஆகியவர்களுக்குச் சொத்தில் பாகம் கிடையாதென்றும், அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்து வரவேண்டியது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியது ஏட்டோடு நின்றதா? வெள்ளைக்காரன் வைத்த கோர்ட்டும் இந்தச் சாஸ்திர வழியையே ஹிந்து லா என்று சொல்லித் தீர்ப்புக் கொடுத்து வந்தது. 1928-ல் தனியாக ஒரு சட்டம் செய்த பிறகுதான் குறையுள்ளவர்களுக்கும் வாரிசுரிமை உண்டென்று ஆயிற்று. அப்பொழுதுங்கூட, பிறவியிலேயே சித்தம் பேதித்தவனையும் அறிவு வளராதவனையும் வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குக் கதவு திறந்தது 1956-ம் வருஷத்து வாரிசுச் சட்டத்தில்தான்.

சட்டம் மாறிற்று, மனம் மாறிற்றா? அன்னதானக்காரர் கொடுப்பது என்ன? சோறும் துணியும். பெற்றவர்கள் கொடுப்பது என்ன? அதே சோறும் துணியும். மனுவின் பேரைக்கூடக் கேட்டிராதவன் மனுவின் படியாலேயே அளந்து போடுகிறான்! பாகம் என்பது நிலபுலத்தில் மட்டுந்தானா இருக்கின்றது? உழைப்புக்குக் கூலி, பஸ்ஸில் இடம், வோட்டு, சினேகிதர், கல்யாணம், தன் காரியத்தைத் தானே தீர்மானிப்பது ஆகிய இவ்வளவும் பாகமல்லவா?

நிற்க. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 100-க்கு 40 பங்குக்குக் குறையாத குறையுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசப் படிப்பு உரிமையாகும். சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 4 இடமும், சர்க்கார் நடத்துகிற, பணங்கொடுக்கிற மேல்படிப்பு ஸ்தாபனங்களில் 100-க்கு 5 இடமும் உண்டு. நல்லதுதான். ஆனால் 18-க்கும் உத்தியோகத்துக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தை எதைக்கொண்டு தாண்டுவது? பள்ளிக்கூடத்தில் பேரை அடித்தாகிவிட்டது என்கிறார்கள். நல ஆபீசில் சர்டிபிகேட் எங்கே என்கிறார்கள். வேலைவாய்ப்பு ஆபீசில் என்ன பரீட்சை தேறினான் என்கிறார்கள். நடந்து நடந்து தாயார் செருப்புத் தேய்கின்றது. பையன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். மணி பார்ப்பதும் காசு எண்ணுவதும் பள்ளியில் கற்றவைதான். திண்ணையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தால் அவையும் மறந்துபோகும். பத்து வருஷம் தண்ணீர் பாய்ச்சிய பயிரைக் கதிர் விடும் சமயத்தில் காயப்போடுவதா?

ஏன் அப்படி உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள் என்றால், "போன ஜன்மத்துப் பாவம்" என்கிறார்கள். யார் செய்த பாவம், பிள்ளையா, தாயா? பிரசவத்தில் குழந்தைக்குப் பிராணவாயு போதாமற் போனதற்கும், பிறந்தவுடன் வந்த காமாலையைக் கவனியாமல் முற்றவிட்டதற்கும் ஜன்மக் கணக்கு எதற்கு? ஒரு காலத்தில் போலியோவையும் கர்மம் என்றுதான் சொன்னார்கள். சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையாய்ப் பரவும் போலியோக் கிருமியால் இந்தியாவில் ஒரு பிள்ளைக்கும் கால் முடங்கவில்லை. அந்த வருஷத்தோடு இந்த நாட்டார் பாவம் செய்வதையே விட்டுவிட்டார்களா என்ன?

இந்த இலட்சணத்தில், 2015 டிசம்பரில் பிரதம மந்திரி ரேடியோவில் பேசி, இவர்களைத் "திவ்யாங்" என்று அழைக்கவேண்டும் என்றார். அதாவது தெய்வீக அங்கமுள்ளவர்களாம்! நேற்று வரையில் பாவி. இன்று முதல் தெய்வம். மனிதன் எப்பொழுது? தெய்வத்துக்குப் படையல் போட்டால் போதும், சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை அல்லவா?

நாம் சமூகத் தொண்டு என்று சொல்லுவது, மேலே சொன்ன பள்ளத்தில் இறங்கிச் செய்கிற வேலையை. அதற்கு 18 வயது வரையில் காத்திருக்கக் கூடாது; 14, 15-லேயே துவங்கவேண்டும். முதற் கேள்வியைப் பெற்றோரிடம் அல்ல, பிள்ளையிடம் கேட்கவேண்டும். "அவனுக்கு என்ன தெரியும்?" என்று வீட்டார் குறுக்கே பேசுவார்கள், பேசட்டும். வாய் பேசாத பிள்ளைக்குப் படங்களை வைத்துக் காட்டினால் தொட்டுச் சொல்லும். தொழிலை, தொழில் நடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒருவர் நின்று பழக்கி, பழகப் பழக விலகிக்கொள்ள வேண்டும். எந்த இல்லத்துக்குப் போனாலும் மெழுகுவத்தியும் காகிதக் கவருமே செய்யச் சொல்லுகிறார்களே, உலகத்தில் வேறு தொழில் கிடையாதா என்பது நமது வெகுநாளையச் சந்தேகம்.

இன்னொரு மோசம் இருக்கின்றது. 18 ஆனதும் "கார்டியன் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாய்ப் போகும்" என்று யோசனை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவு வளர்ச்சிக் குறை, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலியவை உள்ளவர்களுக்கு ஜில்லாக் கலெக்டர் இருக்கும் கமிட்டி கார்டியனை நியமிக்கலாம். தேவைப்படுகிறவருக்குத் தேவைப்படட்டும். ஆனால் 2016-ம் வருஷத்துச் சட்டம் கேட்பது, குறிப்பிட்ட காரியத்துக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து முடிவு செய்யும் கார்டியனையே. ஆளையே எழுதி வாங்கிக்கொள்ளுவது அல்ல. சித்த சுவாதீனமில்லையென்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னாலொழிய வோட்டையும் யாரும் மறுக்க முடியாது. தோழர்கள் தங்கள் தெருவில் இப்படிப்பட்டவர் பேர் வோட்டர் ஜாபிதாவில் இருக்கிறதா என்று நாளைக்கே பார்க்கலாம்.

நாம் அறிந்த ஒரு நெசவு ஊரில், அறிவு வளர்ச்சி மெதுவான 22 வயதுப் பிள்ளை ஒருவர், 4 வருஷம் வீட்டோடு கிடந்தார். தொண்டு செய்யும் அம்மாள் ஒருவர் 3 மாதம் கூடவே போய், பஸ் ஏறவும் இறங்கவும், தறிக்கூடத்தில் தார் சுற்றவும் பழக்கினார். முதலாளி, "தர்மத்துக்கு வைத்துக்கொள்ளுகிறேன், மத்தியானச் சோறு போடுகிறேன், கூலி எதற்கு?" என்றார். "மற்றவர்களுக்குத் தாருக்கு என்ன கொடுக்கிறீர்களோ, அதைக் கொடுங்கள்" என்று அந்த அம்மாள் பிடிவாதமாய் நின்று வாங்கிக் கொடுத்தார். முதல் சனிக்கிழமைக் கூலியைப் பெற்ற தாயார் அப்படியே கொண்டுபோய்க் கோவில் உண்டியலில் போட்டுவிட்டார்! அடுத்த சனிக்கிழமை அவர் கூலியைத் தாயார் கையில் கொடுக்கவில்லை. கடைத்தெருவில் இரண்டு புரோட்டா சாப்பிட்டு, மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பிள்ளை கெட்டுப்போனான் என்று தாயார் நம்மிடம் வந்து முறையிட்டார். "அம்மா, மூத்த பிள்ளைக்கு 22 வயதானபோது கூலிக்குக் கணக்குக் கேட்டீர்களா?" என்றோம். பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த அம்மாள் பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்பதில்லை.