வீடு திரும்பும் நேரத்து இசை

"கேட்காமலேயே குறை சொல்கிறீர்களே, நன்னா!" என்றான் என் பேரன்.

சென்ற மாதம் ஓர் இரவு. மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. வாசல் விளக்கை அணைக்காமல் அவன் தாய் கூடத்திலேயே அமர்ந்திருந்தாள். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தவனின் காதில் ஹெட்போன். அதிலிருந்து 'டப், டப்' என்று இடைவிடாத ஓசை எனக்கும் கேட்டது. "இது இசையா, மாவு மில்லா?" என்று கடிந்துகொண்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவன் கூறியதில் நியாயம் இருந்தது. இசை கூடுமா, கூடாதா என்னும் ஆய்வை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது வேறு. பிள்ளைகளின் காதுக்குள் என்ன ஒலிக்கின்றது என்பதை அறியாமலே நாம் தீர்ப்பு வழங்கிவிடுகிறோம் அல்லவா? அதனால், அடுத்த ஞாயிறு பிற்பகல் அவனருகே அமர்ந்து, அவன் விரும்பிக் கேட்கும் இசைத்தொகுப்பு ஒன்றை முழுமையாகக் கேட்டேன்.

அதன் பெயர் 'ட்ரீம்லேண்ட்'. 1996-இல் வெளிவந்தது. இவ்வகை இசைக்கு 'ட்ரான்ஸ்' என்று பெயர். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாகி, ஐரோப்பிய நடன அரங்குகளில் பரவியது. தன்னை மறந்த நிலை என்பது அச்சொல்லின் பொருள். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். இவ்விசையின் தாளமோ 130, 140 என்று ஓடுகின்றது. ஆடுவோரின் உடலையும் தன்னோடு இழுத்துச் செல்வதே அதன் வேலை.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன்: முதல் அரைமணி நேரம் எனக்குப் பெரும் சோதனையாக இருந்தது. பெரும்பாலானவற்றில் சொற்களே இல்லை. பாட்டு என்றால் அதில் ஒரு கருத்து இருக்கும், அதைப் பற்றிக்கொண்டு நடக்கலாம் என்று பழகிய செவி எனக்கு. இங்கே பற்றிக்கொள்ள ஏதுமில்லை. ஒரே தாளம், ஒரே சுற்று, மீண்டும் அதே தாளம். இருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். பேரன் அதைக் கவனித்துச் சிரித்தான்.

ஆயினும் ஒன்று மட்டும் மனத்தில் தங்கியது. 'சில்ட்ரன்', அதாவது 'குழந்தைகள்', என்பது அதன் தலைப்பு. மிக எளிய பியானோ மெட்டு. இசை பழகத் தொடங்கிய சிறுவன்கூட வாசித்துவிடலாம் போன்று இருந்தது. தாளம் அதனடியில் வந்து சேர்கின்றது, பின்னர் விலகிவிடுகின்றது, பியானோ தனித்து நிற்கின்றது. அவ்விடத்தில் ஒரு துயரம் தெரிந்தது. "இதற்கு ஏன் குழந்தைகள் என்று பெயர்?" என்று கேட்டேன். பேரன் சொன்ன வரலாறு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

இதை உருவாக்கியவர் ராபர்ட் மைல்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட ராபர்ட்டோ கொன்சினா. இத்தாலியப் பெற்றோருக்கு 1969-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, இத்தாலியின் வடகிழக்குக் கோடியிலுள்ள ஃபிரியூலி பகுதியில் வளர்ந்தவர். எல்லையைக் கடந்தால் முன்னாள் யூகோஸ்லாவியா. அந்நாடு சிதறியபோது மூண்ட போர்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1992 முதல் 1995 வரை பொஸ்னியாவின் துயரம் நம் வீடுகளிலும் கண்ணீரோடு பேசப்பட்டது. அப்போர்ப் பகுதிக்கு நிவாரணப் பணிக்காகச் சென்று திரும்பிய கொன்சினாவின் தந்தை, போரில் சிக்கிய குழந்தைகளின் நிழற்படங்களைக் கொண்டு வந்திருந்தார். அவற்றைக் கண்ட மகனின் மனக்கலக்கமே இந்த மெட்டுக்கு ஒரு வித்து.

இரண்டாவது வித்து அவருடைய தொழிலிலேயே இருந்தது. அவர் நடன அரங்குகளில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்பவர். அந்நாட்களில் இத்தாலியில், வார இறுதியில் விடிய விடிய ஆடிவிட்டுக் காரில் வீடு திரும்பும் இளைஞர்கள் விபத்துகளில் மாண்டுகொண்டிருந்தனர். நாளேடுகள் அதற்குச் 'சனிக்கிழமை இரவுப் படுகொலை' என்றே பெயரிட்டன. அரங்குகளை முன்னதாகவே மூடுங்கள் என்று தாய்மார்கள் திரண்டு போராடினர்.

காரணம் விளங்காதது அன்று. உறக்கமில்லாத கண்கள், உடலில் மது, சிலரிடம் போதைப்பொருளும். இவற்றுக்கு மேல், கடைசி நொடிவரை காதில் மோதிய வேகத் தாளம். அந்த வேகத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதிப்பவனுக்குச் சாலையின் வளைவு எங்கே தெரியப் போகின்றது?

கொன்சினா சிந்தித்தார். அரங்கை மூடும் அதிகாரம் அவருக்கில்லை. ஆனால், இரவின் இறுதியில் எதை ஒலிக்கச் செய்வது என்பது அவர் கையில் இருந்தது. கொதித்திருக்கும் உள்ளங்களைச் சற்றே ஆற்றி, அமைதியாக வீட்டுக்கு அனுப்பிவைக்க ஓர் இசை வேண்டும் என்று எண்ணி 'சில்ட்ரன்' இசையை அமைத்தார். 1995-இல் வெளியான அது ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி உள்ளிட்ட பல நாடுகளில் விற்பனையில் முதலிடம் பெற்றது. கொன்சினா 2017-இல் தம் 47-ஆம் வயதில் காலமானார்.

ஓர் இசை எத்தனை உயிர்களைக் காத்தது என்று எவராலும் கணக்கிட முடியாது. சட்டமும் தன் பங்கைச் செய்ய வேண்டியிருந்தது. 21 வயதுக்கு உட்பட்டோர் ஒரு சொட்டு மது அருந்தியிருந்தாலும் வாகனம் ஓட்டக்கூடாது என்று 2010-இல் இத்தாலி விதி செய்தது. எனினும் அந்த இளைஞரின் எண்ணத்தை நான் சிறிதாகக் கருதவில்லை. ஊரார் பிள்ளைகள் உயிரோடு வீடு சேர வேண்டுமே என்று கவலைப்பட்ட மனம் அது. அறிவுரை மேடை ஏறாமல், தன் கையிலிருந்த தொழிலைக் கொண்டே இயன்றதைச் செய்தது.

என் கையில் இருந்தது என்ன? ஒரு வசைச்சொல். அதைத்தான் அன்றிரவு வாசலிலேயே எறிந்தேன்.

இசை முடிந்ததும் பேரனிடம் சொன்னேன்: "எனக்கு இது பிடிக்கவில்லை, தம்பி. அந்தப் பியானோ மட்டும் நன்று. ஆனால், இதைச் செய்தவர் எதற்காகச் செய்தார் என்று நீயே சொன்னாய். வீடு திரும்புகிறவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்றுதானே? அதையே காதில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டினால், பின்னால் வரும் லாரியின் ஹாரன் உனக்கு எப்படிக் கேட்கும்?"

அவன் மறுமொழி கூறவில்லை. வழக்கமாக இத்தகைய பேச்சுக்கு எழுந்து போய்விடுபவன், அன்று எழாமல் அமர்ந்திருந்தான். ஒரு மணி நேரம் அவனோடு அமர்ந்து கேட்டதற்குக் கிடைத்த மரியாதை அது என்று எண்ணுகிறேன்.

இப்போதும் சில நாள்களில் தாமதமாகத்தான் வருகின்றான். வாசல் விளக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றது. ஆனால் ஹெட்போன் சட்டைப் பைக்குள் இருக்கின்றது.

பெற்றோர்களே! பிள்ளைகளின் விருப்பங்கள் அனைத்தையும் நாம் விரும்ப வேண்டியதில்லை. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், ஒருமுறை அருகமர்ந்து கேட்டுவிட்டுக் கண்டிப்போம். நாம் செவி கொடுத்தால்தான் நம் சொல்லுக்கும் அவர்கள் செவி கொடுப்பார்கள்.