"அனுப்பு, அனுப்பு" என்று சொல்லுமுன்...



பரீட்சை முடிந்தால் போதும், பட்டணத்திலிருந்து போன் வந்துவிடும். "பையனை லீவுக்கு ஒரு மாசம் அங்க அனுப்பட்டுமா?" இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. பேசியது என் நாத்தனார். வியாசர்பாடியில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப இரவு பத்தாகும். அவள் கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே பையன், ஒன்பது வயது.

என் வீட்டுக்காரர், அவள் பேசி முடிப்பதற்குள் "அனுப்பு, அனுப்பு, இதுக்கெல்லாம் கேட்கணுமா?" என்று சொல்லிவிட்டார். சொன்னது அவர். செய்யப்போவது யார்?

என் பொழுதைக் கொஞ்சம் கேளுங்கள். அவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் நான் நாலு மணிக்கு எழுந்தால்தான் அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். நைட் ஷிப்ட் வாரம் பகலெல்லாம் தூங்குவார், குக்கர் விசில்கூட வரக்கூடாது. மாடியில் கம்பெனி வேலைக்குப் போகும் ஐந்து பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வேளை சாப்பாடு நான்தான். அந்தக் காசில்தான் என் மகளின் படிப்புச் செலவு நடக்கிறது. மாமியாருக்கு சர்க்கரையும் முழங்கால் வலியும். இதில் இன்னொரு பிள்ளை, அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில்.

கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் "இந்த வருஷம் வேண்டாம்மா" என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நானே நாத்தனாருக்குப் போன் செய்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். போன மே மாதம், வெளியே பூட்டிவிட்டு சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். நூடுல்ஸ் செய்கிறேன் என்று பையன் அடுப்பை மூட்டி, கொதிக்கும் தண்ணீரைத் தொடையில் கொட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கத்தியது பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கேட்டதால் பிழைத்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா அழும்னு யாருகிட்டயும் சொல்லலை அண்ணி" என்றாள். ஒரு வருஷமாக எங்களுக்குத் தெரியாது. தீபாவளிக்கு வந்தபோது அந்தப் பையன் இங்கே ஓடியாடிக்கொண்டுதான் இருந்தான்.

வேண்டாம் என்ற வார்த்தை எனக்கு வரவில்லை. ஆனால் சரி என்றும் உடனே சொல்லவில்லை. அதற்குக் காரணம் வேலை மட்டும் அல்ல.

பட்டணத்துக்காரர்களுக்கு எங்கள் ஊர் இன்னமும் கிராமம்தான். கிணற்றில் குதிக்கலாம், மாந்தோப்பில் கிடக்கலாம் என்று நினைக்கிறார்கள். நான் 2003-ல் வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஓரளவு அப்படித்தான் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு 1996-ல் அடிக்கல் போட்டு, 1998-ல் கார் வெளியே வந்துவிட்டது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸான் திறந்த பிறகு இந்தப் பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனிகள். குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். ஆனால் சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகிற வேகத்தில், தெருமுனைக் கடைக்குத் தனியாகப் பிள்ளையை அனுப்ப எனக்கே தைரியம் கிடையாது. ஏரி என்றால் அதைவிட பயம். கோடையில் ஏரி வற்றியது போலத்தான் தெரியும். மண் எடுத்த பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். பார்த்தால் முழங்கால் ஆழம் போல இருக்கும், இறங்கினால் ஆள் மறைந்துவிடும். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு எது பள்ளம் என்று தெரியும். வியாசர்பாடிப் பையனுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சின்ன வயசில் லீவுக்கு நானும் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளுக்கு முழு முட்டை, எனக்குப் பாதி. சாப்பிட்டதும் அவர்கள் விளையாடப் போவார்கள், நான் பாத்திரம் விளக்குவேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் அந்தப் பாதி முட்டை மறக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து அலுத்துப்போயிருக்கும்போது நானும் அப்படிச் செய்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு உண்டு.

அமெரிக்காவில் 1877-ல் ஒரு பாதிரியார், நியூயார்க் நகரத்தில் நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்த ஏழைப் பிள்ளைகளை, கோடையில் தன் ஊர் மக்களின் வீடுகளில் தங்கவைத்தாராம். 'ஃப்ரெஷ் ஏர் ஃபண்ட்' என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. நமக்கு அப்படி ஒரு அமைப்பு தேவைப்படவில்லை, மாமா வீடு இருந்தது. மாமா வீடு என்கிறோமே தவிர, அதை நடத்தியது என்னவோ மாமி. அவளைக் கேட்டுவிட்டு யாரும் பிள்ளையை அனுப்பியதாக எனக்கு நினைவில்லை.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு வசதிகள் வராமல் இல்லை. கடைகளில் நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2024-ல் 18,720 பெண் தொழிலாளிகள் தங்கும் குடியிருப்பைத் திறந்தார்கள். நல்ல காரியம், மாடியில் இருக்கும் பெண்களைப் பார்க்கிற எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவள், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை அவனை எங்கே விடுவாள்? கடைசியில் அந்தப் பொறுப்பு இன்னொரு வீட்டின் சமையலறைக்குத்தான் வந்து சேர்கிறது.

பேசாமல் இருந்ததை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினேன். ஒரு மாசம் முடியாது, பதினைந்து நாள். அவர் நைட் ஷிப்ட் வாரத்தில் வேண்டாம். அந்தப் பதினைந்து நாளும் மாடிப் பெண்களின் காலை டிபனுக்கு என் மகளும் கூட நிற்க வேண்டும். சாயந்திரம் பையனை வெளியே கூட்டிப்போவது அவர் பொறுப்பு, ஏரிப் பக்கம் அவர் இல்லாமல் போகவே கூடாது. நாத்தனாரிடமும் கேட்டேன்: வீசிங் உண்டா, இரவில் பயப்படுவானா, எதைச் சாப்பிடமாட்டான், மறைக்காமல் சொல் என்று. "வெண்டைக்காய் தொடமாட்டான் அண்ணி, இருட்டுன்னா பயம்" என்றாள்.

வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் தூக்கினார். "தங்கச்சி பிள்ளைக்கு இவ்வளவு கண்டிஷனா?" என்றார். "சரி, ஒரு நாள் நீங்க லீவு போட்டு வீட்டைப் பாருங்க, நான் கண்டிஷன் எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றேன். அதன்பிறகு பேச்சில்லை. மாமியார் மட்டும், "எங்க காலத்துல யாரும் எங்கள இப்படிக் கேட்டதில்லம்மா" என்றார். குத்தலா, ஆதங்கமா என்று தெரியவில்லை. ஆதங்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

நேற்று பையனே போன் செய்தான். "அத்தை, உங்க வீட்ல பகல்ல கதவு திறந்திருக்குமா?" என்று கேட்டான். திறந்துதான் இருக்கும் என்றேன்.

சனிக்கிழமை அவளே கொண்டுவந்து விடுகிறாள். அதற்குள் மொட்டை மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரியை வரச்சொல்லியிருக்கிறேன். கேஸ் அடுப்பை யாரும் தொடக்கூடாது என்று என் மகனுக்கும் சேர்த்தே சொல்லியாகிவிட்டது. முட்டை ஒரு டிரே வாங்கி வைத்துவிட்டேன்.

- ஒரு வாசகி, ஒரகடம்.