கழுத்தில் சொடக்கு எடுக்கலாமா?

காலையில் கண் விழித்தால் கழுத்து அசைய மறுக்கிறது. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால், உடம்பையே திருப்ப வேண்டியிருக்கிறது.

"தலையணை சரியில்லை, சுளுக்கு பிடித்துக்கொண்டது" என்கிறார் பாட்டி. "சலூனுக்குப் போய் ஒரு சொடக்கு எடுத்துக்கொண்டு வா, சரியாய்ப் போய்விடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பாட்டி சொன்னது சரியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைத்தான் யோசிக்க வேண்டும். கழுத்து என்பது விரல் அல்ல, நினைத்தபோது நெட்டி முறிப்பதற்கு!

வேலை பல, கழுத்து ஒன்று

புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது ஒதியம்பட்டு. இந்தச் சுற்று வட்டாரத்தில் பலருக்கும் குனிந்து செய்யும் வேலை. அல்லது தலையில் சுமக்கும் வேலை.

நாற்று நடும் பெண் காலை முதல் குனிந்தே நிற்கிறார். கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கிறார். வில்லியனூர் சுடுமண் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பொம்மைக்குக் கண்ணும் மூக்கும் வைக்கும் கலைஞர் மணிக்கணக்கில் தலை நிமிர்வதில்லை. தையல் மிஷினில் உட்காருபவருக்கும் அதே கதை.

இவர்களாவது வேலைக்காகக் குனிகிறார்கள். வேலை இல்லாத நேரத்திலும் குனிகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் செல்போன் இருக்கிறது!

ஏழே எலும்புகள்

மனிதனுடைய கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. வானளாவக் கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போன்ற வட்டு இருக்கிறது. சுற்றிலும் தசைகள் கயிறு போல இழுத்துப் பிடித்திருக்கின்றன.

இந்த எலும்புகளின் நடுவே தண்டுவடம் போகிறது. கை, கால்களுக்கு மூளை அனுப்பும் கட்டளை எல்லாம் அந்த வழியாகத்தான் போகவேண்டும். எலும்புகளின் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியே, மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. உயிர்நாடி என்று சொன்னால் அது மிகையல்ல.

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நேராக நிமிர்ந்திருந்தால் கழுத்துக்கு அந்தச் சுமைதான். குனியக் குனியச் சுமை ஏறும். 2014-ம் ஆண்டில் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க டாக்டர் இதைக் கணக்குப் போட்டார். தலையை 60 டிகிரி குனிந்தால், கழுத்தின் மேல் ஏறும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்றார். ஒரு சிப்பம் அரிசியைவிட அது அதிகம்! அந்தச் சிப்பத்தைக் கழுத்தில் வைத்துக்கொண்டுதான் செல்போனில் படம் பார்க்கிறார்கள்.

தசைகள் களைத்து இறுகுகின்றன. வலி பிறக்கிறது. கழுத்து வலியில் பெரும்பாலானது இந்த வகைதான். பயப்பட வேண்டியதில்லை. சில வாரங்களில் தானே குறைந்துவிடும்.

"எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருக்கிறதாம்!" என்று சிலர் இடிந்துபோய் உட்காருவார்கள். வயது ஏற ஏறத் தலை நரைப்பது போல, கழுத்து எலும்பும் தேய்வது இயல்பு. வலியே இல்லாத பலருக்கும் படம் எடுத்தால் தேய்மானம் தெரியும்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன?

இப்போது செல்போனில் ஒரு காட்சி அடிக்கடி வருகிறது. ஒருவர் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவருடைய தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்புகிறார். "மடக்" என்று சத்தம். படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கிறார். இதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர்.

இது பிறந்தது அமெரிக்காவில். 1895-ம் ஆண்டு டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கினார். கையால் செய்யும் வைத்தியம் என்பதுதான் பெயரின் பொருள். அங்கே இதற்காக ஏறக்குறைய 4 வருஷம் படிக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கிய பிறகே தொழில் செய்யலாம்.

அந்த "மடக்" சத்தத்தைக் கேட்டதும், விலகிய எலும்பு சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. மூட்டுக்குள் எண்ணெய் போன்ற நீர் இருக்கிறது. மூட்டு சட்டென்று விரியும்போது, அந்த நீரில் வாயுக் குமிழ் உண்டாகும் சத்தம்தான் அது.

பலன் உண்டா? சிலருக்கு உண்டு. 2012-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது. கழுத்து வலிக்காரர்கள் 272 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை. ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக் முறை. இன்னொரு பிரிவுக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சி. 12 வாரம் கழித்துப் பார்த்தார்கள். மாத்திரையைவிடக் கைரோபிராக்டிக் நல்ல பலன் தந்திருந்தது. ஆனால் வீட்டுப் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்திருந்தது!

இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். காசில்லாமல் வீட்டில் கிடைக்கும் சுகத்துக்காக, கழுத்தை ஏன் பிறர் கையில் கொடுக்க வேண்டும்?

ஆபத்து எங்கே?

வெடுக்கென்று திருப்பும்போது, மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயின் உட்சுவர் கிழியக்கூடும். அங்கே ரத்தம் உறைந்தால் பக்கவாதம் வரும். இது மிக அபூர்வம். ஆனால் வந்தால், வாழ்க்கையே முடங்கிவிடும்.

2017-ம் ஆண்டில் டெல்லியிலிருந்து ஒரு செய்தி வந்தது. சலூனில் மசாஜ் செய்து, கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொண்டார் ஒருவர். பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. மூச்சுத் தசையை இயக்கும் நரம்பு, கழுத்திலிருந்துதான் இறங்குகிறது. அந்த நரம்பு பழுதாகிவிட்டது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

முடி வெட்டுவது ஓர் அருமையான தொழில். அதைக் கற்றவர் அதைச் செய்யட்டும். கழுத்தைத் திருப்புவது வேறு தொழில்.

வீட்டிலேயே வைத்தியம்

சாதாரணக் கழுத்து வலிக்கு இவை போதும்:

வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து, 15 நிமிஷம் ஒத்தடம் கொடுக்கலாம். சூடு தோல் தாங்கும் அளவில் இருக்கட்டும்.

படுத்தே கிடக்கக் கூடாது. பாரம் தூக்குவதை நிறுத்திவிட்டு, இலேசான வேலைகளைச் செய்யலாம்.

தலையை மெதுவாக வலப் பக்கம் திருப்பவும். பிறகு இடப் பக்கம். காதைத் தோள் பக்கம் சாய்க்கவும். முகவாயைச் சற்று உள்ளே இழுத்து, 5 வினாடி வைத்திருக்கவும். ஒவ்வொன்றும் 5 தடவை. வலி கூடினால் நிறுத்திவிடவும்.

தலையணை ஒன்று போதும். அதுவும் உயரம் குறைவாக இருக்கட்டும். குப்புறப் படுக்க வேண்டாம்.

செல்போனை முகத்துக்கு நேரே உயர்த்திப் பார்க்கவும். குனிந்து வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, தோளை உருட்டவும்.

கழுத்துப் பட்டையை மாதக் கணக்கில் கட்டிக்கொள்ளக் கூடாது. தசை பலம் இழந்துவிடும். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கவும் கூடாது. வயிறும் சிறுநீரகமும் கெடும்.

எப்போது ஓட வேண்டும்?

கை அல்லது கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்பாடு தவறினால் அது சுளுக்கு அல்ல. காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து கழுத்து விறைத்தால், மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். கழுத்து வலியோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். வலி நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் கைக்கும் பரவி, வியர்த்துக் கொட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மரத்திலிருந்து விழுந்தவரையும், வண்டியில் அடிபட்டவரையும் கையைக் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தலையும் கழுத்தும் அசையாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் ஆகியும் வலி குறையாவிட்டால் டாக்டரைப் பார்க்கவும். ஒதியம்பட்டுக்காரர்களுக்குப் புதுச்சேரி அரசு ஆஸ்பத்திரியும் கோரிமேடு ஜிப்மரும் எட்டும் தூரத்தில் உள்ளன. இயன்முறை சிகிச்சை தெரிந்தவர்கள், சொடக்கு எடுக்காமலே மூட்டை மெல்ல அசைத்துப் பயிற்சி சொல்லித் தருவார்கள்.

அரசு கவனிக்க வேண்டும்

இயன்முறை சிகிச்சைத் தொழில் 2021-ம் ஆண்டின் மத்திய சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் கைரோபிராக்டிக் தொழிலுக்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பதிவு மன்றமும் இல்லை. முறையாகப் படித்து வந்தவரும் போர்டு மாட்டலாம். செல்போனைப் பார்த்துக் கற்றவரும் போர்டு மாட்டலாம். இரண்டு போர்டுக்கும் வித்தியாசம் ஏழைக்கு எப்படித் தெரியும்?

பஸ் ஓட்டவே லைசென்ஸ் கேட்கிறது அரசு. மனிதக் கழுத்தைத் திருப்புபவரிடம் கேட்க வேண்டாமா? படிப்பு என்ன, பயிற்சி எத்தனை வருஷம் என்று பார்த்துப் பதிவு செய்யும் ஏற்பாடு வேண்டும்.

அதுவரை மக்களே கேட்கட்டும். கழுத்தில் கை வைக்க வருபவரிடம், "என்ன படித்தீர்கள்? எங்கே படித்தீர்கள்?" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. பதில் சரியில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். வீட்டில் வெந்நீர் இருக்கிறது.