பாட்டைப் பற்றிச் சண்டை; பணப்பெட்டி யாரிடம்?

2025 பிப்ரவரி 9ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பந்தாட்டம் நடந்தது. ‘சூப்பர் பவுல்’ என்பது அதன் பெயர். அந்த நாட்டின் வருஷாந்தர இறுதிப் போட்டி அது. கால்பந்து என்று சொல்லிக்கொண்டாலும் ஆடுவது பெரும்பாலும் கையால்தான். இரண்டு முனையும் கூம்பிய பந்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான்; எதிர்க் கட்சியார் அவனை மோதித் தரையில் வீழ்த்துவார்கள். பிலடெல்பியா நகரத்து ‘ஈகிள்ஸ்’ அணி, கான்சாஸ் நகரத்து ‘சீஃப்ஸ்’ அணியை 40-22 என்ற கணக்கில் வென்றது. இடைவேளையில் 13 நிமிஷம் கச்சேரி. கெண்ட்ரிக் லமார் என்ற கறுப்பு இனப் பாடகர் பாடினார்.

ஆட்டம் அன்றிரவே முடிந்துவிட்டது. ரசிகர்களின் சண்டை பல வாரம் ஓயவில்லை. சண்டை ஆட்டத்தைப் பற்றியல்ல, பாட்டைப் பற்றி!

“மேடையில் எல்லாரும் கறுப்பர்கள், ஒரு வெள்ளையர்கூட இல்லையே” என்று ஒரு சாரார் கொதித்தார்கள். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் சர்க்கார் இலாகாவுக்கு நூற்றுக்கு மேல் புகார்கள் போயின. மறு சாராரோ ஆனந்தக் கூத்தாடினார்கள். கறுப்பு நடனக்காரர்கள் சிவப்பு, வெள்ளை, நீல உடையில் நின்று அமெரிக்கக் கொடியாக அணிவகுத்தார்கள். அந்தக் கொடி இரண்டாகப் பிளந்தது. ஜனாதிபதி டிரம்ப் மைதானத்துக்கு வந்திருந்த அன்றே இது நடந்தது. இதைவிடப் புரட்சி வேறென்ன வேண்டும் என்றார்கள்.

நாம் என்ன சொல்கிறோம்? நிறத்தைப் பார்த்துக் கலைஞனைத் தூற்றுவது இழிவு. அந்தக் கூட்டத்தோடு நமக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் மேடையில் கொடி பிளந்ததால் முதலாளியின் பணப்பெட்டியில் கீறல்கூட விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரு சாராரும் மேடையையே பார்த்தார்கள். பெட்டி யாரிடம் இருக்கிறது என்று பார்த்தவர் சிலரே.

30 வினாடிக்கு 80 லட்சம்

பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். அந்த ஆட்டத்தை அமெரிக்காவில் சராசரியாக 12 கோடியே 77 லட்சம் பேர் பார்த்தார்கள். கச்சேரியைப் பார்த்தவர்கள் 13 கோடிக்கு மேல். இத்தனை கண்களும் விற்பனைச் சரக்கு. நடுவே 30 வினாடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் வரை வசூலித்தார்கள்.

அதே லூயிசியானா மாகாணத்தில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009க்குப் பிறகு இதில் ஒரு காசு கூடவில்லை. எட்டு மணி நேரம் உழைத்தால் 58 டாலர். அந்தக் கூலிக்காரர் ஒரு நாள் லீவுகூட எடுக்காமல் 378 வருஷம் உழைத்தால் அந்த 30 வினாடியின் விலையை எட்டலாம்!

ஆட்டம் நடந்த மைதானக் கட்டிடம் மாகாண சர்க்காரின் சொத்து. 2005ல் கத்ரீனா புயல் அடித்து ஊர் மூழ்கியபோது போக்கிடமற்ற ஏழைகள் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் கறுப்பு இனத்தவர், தண்ணீரும் கக்கூஸ் வசதியுமின்றி அங்கேதான் தவித்தார்கள். 2025 ஆட்டத்துக்கு முன் அதே கட்டிடத்தைப் புதுப்பிக்க 50 கோடி டாலருக்கு மேல் கொட்டப்பட்டது. மைதானத்தின் அருகே சாலையோரம் படுத்திருந்த ஏழைகளை என்ன செய்தார்கள்? ஆட்டத்துக்குச் சில வாரம் முன்பு மாகாண சர்க்கார் அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, ஊருக்குள் தள்ளியிருந்த ஒரு கிடங்குக்குக் கொண்டுபோய் விட்டது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஒதுக்க முடிந்தது. அவர்களுக்கு வீடு கட்டத்தான் பணமில்லை போலும்!

மேடையைத் தூக்கியவர்கள்

கச்சேரி மேடை தானாக வந்து நிற்பதில்லை. ஆடுகளத்தில் சில நிமிஷத்துக்குள் அதை உருட்டி வந்து பூட்ட வேண்டும். பாட்டு முடிந்ததும் அதே வேகத்தில் பிரித்துத் தள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான கைகள் அதற்கு வேண்டும். அணி முதலாளிகளின் ‘லீக்’ ஸ்தாபனம் பாடகருக்குத் தனிச் சன்மானம் தருவதில்லை. கச்சேரிச் செலவை மட்டும் ஏற்கிறது. பாடகருக்காவது புகழும் இசைத்தட்டு விற்பனையும் உண்டு. மற்றவர்களுக்கு?

2022ல் கலிபோர்னியாவில் நடந்த போட்டியின்போது, மேடையைச் சுற்றி ஆட நடனக்காரர்களைப் பல நாள் ஒத்திகைக்குக் கூலியில்லாமல் ‘தொண்டர்களாக’ அழைத்தார்கள். “உங்களிடம் இத்தனை கோடி இருக்கிறது, எங்களுக்குக் கூலி இல்லையா?” என்று நடனக்காரர்கள் பகிரங்கமாகக் கேட்டார்கள். சினிமா, டெலிவிஷன் கலைஞர்களின் தொழிற்சங்கம் தலையிட்டது. தொழில்முறை நடனக்காரர்களைக் கூலியின்றி வேலை வாங்குவதில்லை என்று கச்சேரி நடத்திய கம்பெனி ஒப்புக்கொண்டது. இது பாட்டினால் வந்த மாற்றமல்ல. சங்கத்தால் வந்த மாற்றம்.

2025 கச்சேரியிலும் ஒரு சம்பவம். கச்சேரியில் பங்கேற்றவர்களில் ஒருவர் பாலஸ்தீனம், சூடான் கொடிகளை உயர்த்திக்கொண்டு மைதானத்தில் ஓடினார். கெட்டிக்காரத்தனமாக ஒத்திகை பார்த்த கொடி பிளந்தபோது கைதட்டிய லீக், ஒத்திகையில் இல்லாத இந்தக் கொடியைக் கண்டதும் பதறிவிட்டது. காவலர்கள் அவரைப் பிடித்தார்கள். லீகின் மைதானங்களில் நுழைய அவருக்கு ஆயுள் தடை! முதலாளி அனுமதிக்கும் எதிர்ப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டுமா?

சுவரில் கோஷம், கணக்கில் வேறு

ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பு இனத்தவர். 2025ல் 32 அணிகளில் ஒன்றுக்குக்கூடக் கறுப்பு இனத்தவர் பிரதான முதலாளியாக இல்லை. 2016ல் போலீஸ் அக்கிரமத்தைக் கண்டித்து தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட காலின் கேப்பர்னிக்கை, அந்த ஆண்டு ஆட்டங்கள் முடிந்த பிறகு எந்த அணியும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜனங்களின் கோபம் பெருகியதும் லீக் ‘இனவெறியை ஒழி’ என்று மைதானத்தின் முனையில் எழுதி வைத்தது. 2025 இறுதிப் போட்டியில் அந்த எழுத்தும் போய், ‘அன்பைத் தேர்ந்தெடு’ என்று வந்தது.

கோஷம் இருந்த காலத்திலாவது நியாயம் இருந்ததா? மண்டையில் அடிபட்டு அடிபட்டு மூளை கெடுவது இந்த ஆட்டத்தின் சாபக்கேடு. இறந்த பிறகு தானமாகத் தரப்பட்ட முன்னாள் வீரர்கள் 111 பேரின் மூளைகளை பாஸ்டன் சர்வகலாசாலை டாக்டர்கள் பரிசோதித்தார்கள். 110ல் அந்த நோய் இருந்ததாக 2017ல் வெளியிட்டார்கள். நோயைச் சந்தேகித்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன என்பதும் உண்மை. ஆனாலும் அந்த எண் நெஞ்சைச் சுடுகிறது. வழக்குப் போட்ட வீரர்களுக்கு நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டார்கள். கணக்குப் போட்டதில்தான் சூழ்ச்சி. கறுப்பு இனத்தவரின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு, “நீ இழந்தது கொஞ்சம்தான்” என்று மதிப்பிட்டார்கள். வீரர்களும் அவர்கள் மனைவிமார்களும் போராடிய பிறகே, 2021ல் இந்த அநியாய முறையைக் கைவிட லீக் சம்மதித்தது. தரையில் ‘இனவெறியை ஒழி’. கணக்குப் புத்தகத்தில் இனவெறி!

ரசிகன் முட்டாளா?

“இவ்வளவும் தெரிந்து பந்தையும் பாட்டையும் பார்த்துக் கூத்தாடுகிறவன் மூடன்தானே?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நாம் ஒப்பமாட்டோம். வாரமெல்லாம் உழைத்தவர்கள் ஒரு நாள் ஆட்டம் பார்த்து மகிழ்வது குற்றமல்ல. ரசிகனும் உழைப்பாளியே. அவனுக்கு வர்க்க உணர்வு வந்தால் என்ன நடக்கும் என்பதை அதே பிலடெல்பியா ஒரு காலத்தில் காட்டியது.

1987ல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு விரும்பிய அணிக்குப் போகும் உரிமை வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. ஒரு மில்லை விட்டு வேறு மில்லுக்குப் போக பழைய முதலாளி குறுக்கே நின்றால் எப்படி இருக்கும்? முதலாளிகள் வழக்கமான ஆயுதத்தை எடுத்தார்கள். கருங்காலிகளை வைத்து மூன்று வாரம் ஆட்டம் நடத்தினார்கள். பல ஊர்களில் ஜனங்கள் போய்ப் பார்க்கவும் செய்தார்கள். பெயர் பெற்ற சில வீரர்களே மறியலைத் தாண்டி உள்ளே போனார்கள்.

பிலடெல்பியாவில் நடந்தது வேறு. அக்டோபர் 4ந் தேதி லாரி டிரைவர்களின் சங்கத்தாரும் மற்றத் தொழிலாளிகளும் மைதான வாசலில் மறியல் செய்தார்கள். 65,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானத்தில் அன்று வந்தவர்கள் 4,074 பேர்தான்! தன் ஊர் அணி மீது உயிரையே வைத்திருந்த ரசிகன், கருங்காலி ஆட்டம் வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிட்டான்.

டெலிவிஷன் பணம் முதலாளிகளைத் தாங்கியது. 24 நாளில் வேலைநிறுத்தம் முறிந்தது. ஆனால் வீரர்கள் சோர்ந்துவிடவில்லை. கோர்ட்டில் வழக்காடி 1993ல் அந்த உரிமையைப் பெற்றார்கள்.

முதலாளி இல்லாமல் அணி நடக்காது என்பதும் கட்டுக்கதை. சுமார் ஒரு லட்சம் ஜனத்தொகையுள்ள கிரீன் பே என்ற ஊரின் ‘பேக்கர்ஸ்’ அணிக்கு முதலாளியே கிடையாது. 1923 முதல் ஜனங்கள் பங்கு வாங்கி நடத்துகிறார்கள். இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். எவருக்கும் லாபப் பங்கு இல்லை. 1967ல் நடந்த முதல் சூப்பர் பவுலை வென்றது அந்த அணிதான்! வேறு எந்த ஊரும் இதுபோல் நடத்தக்கூடாது என்று லீக் விதி போட்டிருக்கிறது. ஏன்? இந்த நோய் பரவினால் மற்ற முதலாளிகளின் கதி என்னாவது?

தோழர்களே! கறுப்புப் பாட்டா, வெள்ளைப் பாட்டா என்று ரசிகர்கள் ஒருவரையொருவர் கடிக்கும் வரை முதலாளிக்குக் கவலையில்லை. சண்டை வளர வளரப் பார்க்கும் கண்களும் பெருகும். விளம்பர விலையும் ஏறும். 1987ல் பிலடெல்பியாவின் வாசலில் மறியலில் நின்றவர்கள் பாட்டைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ பேசவில்லை. உழைக்கிறவன் பக்கம் நின்றார்கள். அமெரிக்க உழைப்பாளிகள் அந்த வாசலுக்கு மறுபடியும் வருவார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அன்று நம் ஆதரவு அவர்களுக்கு உண்டு.