இன்னொரு டிஸ்க் போடு பாபு!

பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பொட்டி தட்டுகிறேன். இங்கே எந்த சர்வர் முனகினாலும் எங்க டேமேஜருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், "இன்னொரு டிஸ்க் போடு பாபு".

செய்வதும் சுலபம், அதுதான் வம்பே. புது டிஸ்க்கை எல்விஎம்மில் சேர்த்து, வால்யூம் குரூப்பை நீட்டி, லாஜிக்கல் வால்யூமை நீட்டி, கடைசியில் ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டணும். (இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு "இடமே கூடலையே" என்று நடுராத்திரி போன் போடும் புண்ணியவான்கள் உண்டு.) சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம்.

அப்படித்தான் லாக் வால்யூமை மூன்று முறை நீட்டினோம். மிச்சம் வைக்காதே, மொத்தத்தையும் கொடு என்று உத்தரவு வேறு. நாலாவது முறை 100% காட்டியபோதுதான் எனக்கே உறைத்தது. டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, டியூ போட்டுக் கூட்டினால் பாதிகூட இல்லை. யாரோ அழித்த லாக் ஃபைலை ஒரு ப்ராசஸ் விடாமல் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே எழுதிக்கொண்டும் இருக்கிறது. அது விடும்வரை இடம் திரும்பாது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன், காலி. மூன்று டிஸ்க்கும் தண்டம்!

சரி, அந்த இடத்தையாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கலாம் என்றால், அது எக்ஸ்எஃப்எஸ். 2014-ல் வந்த ரெட்ஹாட் 7 முதல் நாம் எதையும் மாற்றாமல் இன்ஸ்டால் செய்தால் அதுதான் வரும். வளர்க்கலாம், சுருக்க வழியில்லை. இஎக்ஸ்டி4 என்றால் அன்மவுண்ட் செய்தாவது சுருக்கலாம். இதில் எல்லாவற்றையும் வெளியே நகலெடுத்து, அழித்து, சின்னதாகப் புதிதாய் உருவாக்கித் திரும்பப் போடணும்.

"நகல் எதுக்கு, ஸ்னாப்ஷாட் இருக்கே" என்றார். அதே வால்யூம் குரூப்பில், அதே டிஸ்க்கில் கிடக்கும் ஸ்னாப்ஷாட் எப்படிங்க பேக்கப் ஆகும்? இதே பட்டான்செருவில் இக்ரிசாட் விதை வங்கியில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் இருக்கின்றன. நீண்ட காலத்துக்கு வைப்பதை மைனஸ் 20 டிகிரியில் வைக்கிறார்கள். அது போதாதென்று நார்வேயின் ஸ்வால்பார்டுக்கும் நகல் அனுப்பியிருக்கிறார்கள். சோளத்துக்கும் கடலைக்கும் இருக்கிற மரியாதை எங்க டேட்டாவுக்கு இல்லை.

இத்தனையும் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு விருதுநகரில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான் சர்வர் ரூமில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நகல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுவிட்ட தம்பி மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். அக்கா இன்னும் என் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேசையில் ஒரு இண்டெண்ட். மேலும் இரண்டு டிஸ்க். காரணம், இடப் பற்றாக்குறை. அதை அடித்துவிட்டு, "லாக் ரொட்டேஷன் சரிசெய்யப்படவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.