எசேக்கியாவின் பொக்கிஷசாலையும் நம் தேடுபொறியும்



நம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தகரப்பெட்டியோடு மும்பையில் வந்திறங்கியபோது, எங்கே தங்குவது, எந்தப் பட்டறையில் வேலை கிடைக்கும், தமிழ் ஆராதனை எங்கே நடக்கிறது என்பதையெல்லாம் தாராவியிலிருந்த ஊர்க்காரரிடம் கேட்டறிந்தார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கடல் கடந்து செல்கிறார்கள். அங்கே அவர்களுடைய முதல் ஊர்க்காரன் கைப்பேசியிலுள்ள தேடுபொறிதான்.

நம் சபையின் இளம் சகோதரி ஒருவர் செவிலியர் பணிக்காக ஜெர்மனிக்குச் சென்றார். வீட்டில் எல்லாரும் பயன்படுத்திய அதே மின்னஞ்சல் கணக்கையே தம் கைப்பேசியிலும் வைத்திருந்தார். ஓர் இரவு, இங்கே அவருடைய தகப்பனார் எதையோ தேட முற்பட்டபோது, மகள் அங்கே தேடியவை வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. இரவில் உறக்கம் வராமை, காரணமின்றி வரும் அழுகை, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் கட்டவேண்டிய தொகை! அவர் பதறிப்போய் உடனே தொலைபேசியில் அழைத்து வினவினார். "நானே சொல்லியிருப்பேனே அப்பா, அதற்குள் என் மனதைத் திறந்து பார்த்துவிட்டீர்களே" என்று மகள் அழுதார். அதன்பின் இரண்டு வாரம் அவர் வீட்டாரோடு பேசவில்லை.

தகப்பனார் கெட்ட எண்ணத்தோடு பார்க்கவில்லை. மகளும் பாவம் எதையும் மறைக்கவில்லை. ஆயினும் காயம் உண்டாயிற்று.

அந்நிய தேசத்தில் குடியேறுகிறவன் அக்கம்பக்கத்தாரிடம் கேட்கக் கூசுகிற யாவற்றையும் தேடுபொறியிடம் கேட்கிறான். ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யவேண்டும். அப்போது சமயத்தையும் கேட்பார்கள். "புராட்டஸ்டண்ட்" என்ற எண்ணத்தில் "எவாங்கெலிஷ்" என்று நம்மவர் எழுதிவிட்டால், அந்நாட்டு புராட்டஸ்டண்ட் திருச்சபையின் அங்கத்தினராகக் கருதப்பட்டு, செலுத்தும் வருமான வரித் தொகையின்மேல் 8 அல்லது 9 சதவீதம் சபை வரியாகப் பிடிக்கப்படலாம். அங்குள்ள பெந்தெகொஸ்தே சபைக் கூட்டமைப்பு இவ்வரியை வாங்குவதில்லை. ஆகவே எழுதுமுன் விசாரிப்பது ஞானம். ஆனால் கவனியுங்கள்: இந்த ஒரு கேள்வியைத் தேடும்போதே நம் விசுவாசம் இன்னதென்று தெரிந்துவிடுகிறது. விசா, சம்பளம், வியாதி, கடன் என ஒவ்வொரு கேள்வியும் சேரச்சேர, பெயரைச் சொல்லாமலே ஒரு மனிதனின் முழுச் சித்திரமும் உருவாகிவிடுகிறது.

இது கற்பனையன்று. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சிக்கென்று ஏறத்தாழ 6,50,000 பேர் தேடிய சுமார் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இருந்தன. ஆயினும் சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் நிருபர்கள், தேடிய சொற்களை மட்டுமே வைத்து, ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வேதத்தில் எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 20). வியாதியிலிருந்து எழுந்திருந்த அவரிடம் பாபிலோனின் ஸ்தானாபதிகள் வெகுமதியோடு வந்தார்கள். அகமகிழ்ந்த ராஜா வெள்ளி, பொன், பரிமளத் தைலம், ஆயுதசாலை என ஒன்றையும் விடாமல் காட்டினார். என்னென்ன பார்த்தார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி வந்து கேட்டபோதுதான் அதன் விளைவு அவருக்குத் தெரிந்தது. வெகுமதியாக, இலவசமாக வருகிற சேவைக்கு முன்னால் நாமும் பொக்கிஷசாலையைத் திறந்து வைக்கிறோம் அல்லவா?

அப்படியானால் என்ன செய்யலாம்? தேடுகிறவரின் வரலாற்றைச் சேர்த்து வைப்பதில்லை என்று அறிவித்துள்ள தேடுபொறிகள் சில உண்டு. 2008இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட டக்டக்கோ, நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், 2013இல் பிரான்சில் தொடங்கிய குவாண்ட் ஆகியவை அவற்றுள் சில. ஸ்டார்ட்பேஜ் பெரிய தேடுபொறிகளின் விடைகளையே, நம் அடையாளத்தைத் தெரிவிக்காமல் பெற்றுத் தருகிறது. இவையும் விளம்பரத்தால்தான் பிழைக்கின்றன. ஆனால் ஆளைப் பின்தொடராமல், அப்போது தேடிய சொல்லுக்கேற்ற விளம்பரத்தைக் காட்டுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசியை இயக்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று அதுவே கேட்கும். இங்கிருந்து கொண்டுசென்ற கைப்பேசியிலோ நாமே அமைப்புகள் பகுதிக்குச் சென்று மாற்றவேண்டும். இரண்டு நிமிட வேலைதான்.

ஆயினும் இவற்றைப் பூரணமானவை என்று எண்ணிவிடக்கூடாது. டக்டக்கோவின் உலாவி மைக்ரோசாப்ட்டின் சில பின்தொடரும் கருவிகளைத் தடுக்காமல் விட்டது 2022இல் வெளிப்பட்டு, அவ்வாண்டிலேயே திருத்தப்பட்டது. தேடுபொறியை மாற்றினாலும், நாம் நுழைகிற இணையதளம் நம்மைக் கவனிக்கலாம். பணியிடத்து வைஃபையில் எந்தெந்தத் தளத்திற்குச் செல்கிறோம் என்பது தெரியக்கூடும். உலாவியின் மறைமுகச் சாளரம் அந்தக் கைப்பேசியில் தடயம் விடாதிருக்க மட்டுமே உதவும். தமிழில் தேடும்போது சிலவேளை விடைகள் குறைவாகவும் இருக்கலாம். பேருந்து நேரத்தைப் பெரிய தேடுபொறியில் பார்ப்பதில் நஷ்டமில்லை. வியாதியையும் விசாவையும் கேட்பதற்கு வேறிடம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேடுபொறியானாலும் மேலே முதலில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். அரசு அலுவல்களுக்கு அரசின் தளத்தையே நாடுங்கள். வீட்டைக் காட்டாமல் முன்பணம் கேட்கிறவரை நம்பாதிருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெளிநாடு செல்லும் பிள்ளைக்குத் தனிக் கணக்கு அமைத்துக் கொடுங்கள். ஜெபிக்கும்போது அறைக்குள் சென்று கதவைப் பூட்டும்படி ஆண்டவர் போதித்தார் (மத்தேயு 6). பூட்டிய கதவு பாவத்துக்கு மறைவிடமன்று. பிதாவோடு மனம் திறக்கும் இடம். வளர்ந்த பிள்ளைக்கும் அப்படியொரு கதவு வேண்டும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. எந்தத் தேடுபொறியும் உங்களுக்காக முழங்காற்படியிடாது. 1983க்குப் பின் அகதிகளாகச் சென்ற இலங்கைத் தமிழர் வழியாக ஜெர்மனியில் தமிழ் ஐக்கியங்கள் எழும்பியிருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேருங்கள். உறக்கமில்லாத இரவுகள் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது அவிசுவாசமன்று.

அந்தத் தகப்பனார் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். மகளும் மருத்துவரைக் கண்டு, தமிழ் ஐக்கியம் ஒன்றிலும் சேர்ந்தார். இப்போது ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அவரே அழைத்துப் பேசுகிறார். தகப்பனார் துருவித் துருவிக் கேட்பதில்லை. கேட்காமலே மகள் எல்லாம் சொல்கிறார்.

அந்நிய தேசத்தில் அலைந்த ஆபிரகாமோடிருந்த தேவன், தூரத்திலிருக்கும் நம் பிள்ளைகளையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.