வங்கிக்கு ஊரெல்லாம் கோர்ட், வாடிக்கையாளருக்கு ஒன்றே ஒன்று!

ஒப்பந்தப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, ஜாமீன் யார்... அதோடு கண் நின்றுவிடும். ஆனால் சண்டை என்று வந்தால், அந்தக் கடைசிப் பக்கத்து ஷரத்து ஒன்றுதான் பாதி முடிவை எழுதிவிடுகிறது. "தகராறு வந்தால் எந்த நாட்டு கோர்ட்?" என்கிற ஷரத்து.

நாடு விட்டு நாடு போகும் வங்கி ஒப்பந்தங்களில் இது பல நேரம் எப்படி இருக்கும் தெரியுமா? வாடிக்கையாளர் கேஸ் போடுவதானால் லண்டனிலோ லக்ஸம்பர்கிலோ, எழுதியிருக்கிற ஒரே ஊரில்தான் போட வேண்டும். வங்கி போடுவதானால் அங்கேயும் போடலாம், அதிகாரம் உள்ள வேறு எந்த நாட்டிலும் போடலாம். தெருவில் ஆடும் கிரிக்கெட்டில்கூட டாஸ் போடுவார்கள். இங்கே அதுவும் கிடையாது.

இது சரியில்லை என்று ஓங்கிச் சொன்னது பிரான்ஸின் உச்ச நீதிமன்றம். ஸ்பெயினில் வசித்த ஒரு பெண், பாரிஸில் உள்ள ஒரு நிறுவனம் மூலமாக லக்ஸம்பர்கில் எட்மண்ட் டி ராத்ஸ்சைல்ட் குழும வங்கியில் கணக்கு தொடங்கினார். முதலீடு சரியாகப் போகவில்லை என்று பாரிஸில் கேஸ் போட்டார். "லக்ஸம்பர்கில்தான் போட வேண்டும், கையெழுத்து இருக்கிறதே" என்றது வங்கி. அதே ஷரத்தில், வங்கி மட்டும் அந்தப் பெண் வசிக்கும் ஊரிலோ வேறு எங்குமோ வழக்கு போடலாம் என்றும் இருந்தது. 2012 செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு: இந்த ஷரத்து உண்மையில் ஒரு தரப்பை மட்டும்தான் கட்டுகிறது, மற்ற தரப்பின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருக்கிறது, ஆகவே செல்லாது.

அடுத்த வருடமே லண்டன் நேர் எதிராகப் பேசியது. மொரீஷியஸ் கமர்ஷியல் பேங்க் கடன் கொடுத்தது ஹெஸ்டியா என்ற மொரீஷியஸ் கம்பெனிக்கு. ஜாமீன் நின்றது சுஜனா யுனிவர்சல் என்ற இந்தியக் கம்பெனி. முதல் ஒப்பந்தத்துக்கு மொரீஷியஸ் சட்டம். பிறகு திருத்தி எழுதியபோது அது இங்கிலாந்து சட்டம், இங்கிலாந்து கோர்ட் என்று மாறியது. வங்கிக்கு மட்டும் வேறு நாடுகளுக்குப் போகும் உரிமை. கடன் கொடுத்தவர், வாங்கியவர், ஜாமீன் நின்றவர், மூன்று பேரில் ஒருவர்கூட இங்கிலாந்து இல்லை! 2013ல் நீதிபதி பாப்பிள்வெல் அந்த ஷரத்து செல்லும் என்றார். இரண்டு வியாபாரிகள் பேசி ஒப்புக்கொண்டதை கோர்ட் மதிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். நியாயமான விசாரணைக்கான உரிமை என்பது கோர்ட்டுக்குள் சமமாக நடத்தப்படுவது பற்றியது, எந்த கோர்ட் என்பதைத் தேர்ந்தெடுப்பது பற்றியதல்ல என்பது இன்னொரு காரணம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோர்ட் வாசலை அடைவதற்குள்ளேயே பாதிப் பேர் களைத்துவிடுவார்களே? இங்கிலாந்தில் தோற்றவர்தான் பொதுவாக ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் ஏற்க வேண்டும். வழக்கு போடுபவர் வெளிநாட்டுக்காரர் என்றால், அந்தச் செலவுக்கு முன்கூட்டியே ஈடு கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவிடவும் இடம் உண்டு. உள்ளே போன பிறகு கிடைக்கும் சமநீதி, உள்ளே போக முடியாதவருக்கு எதற்கு?

வங்கிகளின் வாதத்தையும் பார்க்க வேண்டும். "பணம் கொடுத்தது நாங்கள். கடனாளியின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறதோ அங்கே துரத்திப் போகத்தான் இந்த உரிமை" என்கிறார்கள். இதில் இரண்டு ஓட்டை.

ஒன்று, வாடிக்கையாளர் எல்லோரும் கடனாளி அல்ல. ராத்ஸ்சைல்ட் கேஸில் பணத்தைக் கொடுத்தவரே அந்தப் பெண்தான். அங்கே யாரை யார் துரத்துவது?

இரண்டு, தீர்ப்பு வாங்குவது வேறு, அதை வைத்து வசூலிப்பது வேறு. லண்டனில் பணத் தீர்ப்பு வாங்கிய வங்கி, இந்தியாவின் சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின்படி அதை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். முறையான விசாரணை இல்லை, மோசடி நடந்தது போன்ற ஆட்சேபங்கள் இல்லாவிட்டால், இங்கேயே பிறந்த தீர்ப்பு மாதிரி அது நிறைவேற்றப்படும். பிறகு எதற்கு முழு வழக்கையும் ஊர் ஊராகப் போடும் உரிமை? வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்காத நாடுகளும் உண்டு, உண்மைதான். அப்படியானால் அந்த நாடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு என்று எழுதட்டும். அதையும் இரண்டு பேருக்கும் எழுதட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் தனி மனித நுகர்வோருக்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறது. அவர்கள் தங்கள் ஊரிலேயே வழக்கு போடலாம். ஆனால் சிறு கம்பெனிக்கு? இத்தாலியக் கம்பெனி ஒன்றும் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றும் மோதிய ஒரு வழக்கில், பிரான்ஸின் உச்ச நீதிமன்றமே இந்தச் சந்தேகத்தை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரி 27 அன்று பதில் வந்தது. ஒருதலைப்பட்சமாக இருப்பதாலேயே ஷரத்து செல்லாமல் போகாது. எந்தெந்த நாட்டு கோர்ட்டுகள் என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். அதாவது, அநியாயத்தைத் தெளிவாக எழுதினால் போதும்!

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. இதே மாதிரி ஷரத்து ஒன்று 2012ல் ரஷ்யாவுக்கு வந்தது, சோனி எரிக்சன் சம்பந்தப்பட்ட வழக்கில். வணிக வழக்குகளுக்கான உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடவில்லை. ஒரு தரப்புக்கு உள்ள வழி மறு தரப்புக்கும் உண்டு என்ற திசையில் போனது. அந்த நாட்டு கோர்ட்டுகள் பற்றி ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு கணக்கு சரியான கணக்கு.

வங்கி நான்கு நாட்டில் வழக்கு போடலாம் என்றால், வாடிக்கையாளரும் போடலாம். வாடிக்கையாளருக்கு லண்டன் மட்டும்தான் என்றால், வங்கிக்கும் லண்டன் மட்டும்தான். இரண்டில் எதை வேண்டுமானாலும் வங்கியே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதற்குப் பெயர் ஒப்பந்தம் இல்லை, உத்தரவு.